மனம் திரும்பாதவரையும் மன்னிக்கத்தான் வேண்டுமா? கிளாடிஸ் ஸ்டெயின்ஸை முன்வைத்து

பாளை எபி:
1999 ஜனவரி 22 நள்ளிரவில், ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்களான பத்து வயது பிலிப்பையும் ஆறு வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. வண்டிக்கு அடியில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தியவர்கள், தப்பிக்க முயன்ற அவர்களை வெளியே வரவும் விடவில்லை. கிரகாம் 1965 முதல் அந்த மண்ணில் தொழுநோயாளர்களுக்குப் பணி செய்தவர். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சில நாள்களிலேயே அறிவித்தார். மகள் எஸ்தரோடு ஒடிசாவின் பாரிபதா நகரிலேயே தங்கி, 2004 வரை கிரகாம் பணி செய்த தொழுநோய் இல்லத்தைக் கவனித்துக்கொண்டார். எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர், அந்த மன்னிப்பு இறந்த பிள்ளைகளுக்குச் செய்த துரோகம் என்றார். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கர்த்தர் சொன்ன "ஏழெழுபதுதரம்" என்பதை அதன் முழுக் கனத்தோடு கைக்கொண்டவர் அந்தத் தாய் என்றே நான் நம்புகிறேன்.

ரூத் மலர்:
அண்ணன், அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் நீங்கள் எடுத்துக்காட்டிய வசனத்தோடு லூக்கா 17:3-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். குற்றஞ்செய்த சகோதரனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அதாவது மனம் வருந்தினால், மன்னிப்பாயாக என்றுதான் அங்கே இருக்கிறது. "மனஸ்தாபப்பட்டால்" என்ற அந்த ஒரு சொல்லை நம்முடைய பிரசங்கங்கள் விழுங்கிவிடுகின்றன.

இதை நான் வசனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அப்பா இறந்த மறு வருடம், எங்கள் சித்தப்பா அம்மாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, எங்களுக்கு இருந்த ஒரே வயலைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அம்மா வழக்குப் போடப்போவதாகச் சொன்னதும், அன்றைய போதகர் வீட்டுக்கு வந்து, சகோதரர் சகோதரர்மேல் வழக்காடலாமா என்று கேட்டு, சித்தப்பாவோடு சமாதானமாகி ஒப்புரவாகாமல் திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா முதல் வரிசையில் முழங்கால் படியிட்டுப் பாத்திரத்தை வாங்கினார். அம்மா கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது.

பாளை எபி:
உங்கள் அம்மாவுக்கு நடந்தது பெரிய அநியாயம், சகோதரி. ஆனால் அந்தப் போதகர் கேட்டது ஒன்று, கிளாடிஸ் கொடுத்தது வேறொன்று. குற்றத்துக்குரிய விளைவை மன்னிப்போடு குழப்பக்கூடாது என்பதில் கிளாடிஸ் தெளிவாகவே இருந்தார். வழக்கைக் கைவிடும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை. முக்கியக் குற்றவாளியான தாரா சிங்குக்கு 2003-இல் விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை, 2005-இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சட்டம் தன் வழியில் போயிற்று. பழி வாங்கும் உரிமையை மட்டுமே அவர் தம் கையிலிருந்து இறக்கி வைத்தார்.

மனஸ்தாபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சிலுவையடியில் கர்த்தருடைய வஸ்திரங்களுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் யார் மனம் வருந்தினார்கள்? அவர்களுக்காகத்தானே "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஜெபித்தார்? முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானும் கல்லெறிகிறவர்கள் கையில் கல் இருக்கும்போதே அவர்களுக்காக வேண்டிக்கொண்டான். கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்கு அருகே நின்ற, பின்னாளில் பவுல் அப்போஸ்தலனான சவுல் அன்றைக்கு மனம் திரும்பவில்லை.

மரியதாஸ்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட அலி அக்சாவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983 டிசம்பரில் ரோமையின் சிறைக்கே சென்று சந்தித்தார். அவர் மன்னித்தார் என்பதற்காகச் சிறைக்கதவு அன்றே திறந்துவிடவில்லை. அக்சா 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு ஒருவரே செய்யக்கூடியது, ஒப்புரவுக்கு இருவரும் வேண்டும் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ரூத் மலர்:
ஐயா சொன்ன வேறுபாட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. எபி அண்ணன், ஸ்தேவானைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ஸ்தேவான் தானே வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொள் என்று கல்லெறிந்தவர்கள் பக்கத்தில் நின்று யாரும் அவனை நெருக்கவில்லை. கிளாடிஸின் கதையைச் சொல்லும் ஒவ்வொரு பிரசங்கியாரும், கணவனிடம் அடிபட்டு வந்த ஒரு பெண்ணோ ஏமாற்றப்பட்ட ஒரு விதவையோ அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கட்டளையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சாகும் வரை இரவு ஜெபத்தில் சித்தப்பாவின் பெயரையும் அவருடைய பிள்ளைகளின் பெயர்களையும் ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் அந்த வீட்டு வாசற்படியை ஒருநாளும் மிதிக்கவில்லை, வயலைக் கேட்பதையும் விடவில்லை. அது மன்னிப்பு ஆகாது என்று போதகர் சொன்னார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பாளை எபி:
அது மன்னிப்புத்தான், சகோதரி. அந்தப் போதகர்தான் உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.