சிவப்பணு மாடலில் ஆக்சிஜனைக் குறைத்தாலும் 2,3-டிபிஜி அசையவில்லை, ஏன்?

பாளை_உயிர்வேதி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். உயிரியல் கணினி மாடல்களின் தொகுப்பான பயோமாடல்ஸ் தளத்தில் 70-ஆம் எண்ணில் உள்ள சிவப்பணு மாடலைக் கோபாசி என்ற மென்பொருளில் ஓட்டுகிறேன். மாஞ்சோலை மலை போன்ற உயரத்தில் டிபிஜி (2,3-டைபாஸ்போகிளிசரேட், ஹீமோகுளோபினில் ஒட்டும் சிறு மூலக்கூறு) ஏறுவதைக் காட்ட வேண்டும். ஆக்சிஜனை ஒரு மாறியாகச் சேர்த்து 100-லிருந்து 80 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு இறக்கி, 2 மணி நேரத்துக்கு ஓட்டினேன். எல்லாக் கோடும் நேராகவே போகிறது. குளுக்கோஸை முதலில் பிடிக்கும் நொதியான ஹெக்சோகைனேஸின் விமேக்ஸை (உச்ச வேகத்தை) கூட்டினால் டிபிஜி ஏறுகிறது. அப்படியே எழுதிவிடலாமா?

தாமிரபரணிக்கரை:
வேண்டாம் தம்பி. விமேக்ஸைக் கையால் கூட்டினால் விடையை நீங்களே உள்ளே வைத்தது போலாகும்.

சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி முழுக்க கிளைக்காலிசிஸில் (குளுக்கோஸை உடைக்கும் பாதையில்) வருவதால் ஆக்சிஜன் எந்த வினையிலும் எரிபொருளாக நுழைவதில்லை. அது ஹீமோகுளோபின் வழியாகத்தான் பேசும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டிபிஜியை இறுகப் பிடிக்கும். தனியே மிதக்கும் டிபிஜி குறையும். ஹெக்சோகைனேஸையும் டிபிஜியை உண்டாக்கும் மியூட்டேஸ் நொதியையும் தடுப்பது அந்தத் தனி டிபிஜிதான். தடை தளர்வதால் உற்பத்தி கூடுகிறது. உங்கள் மாடலில் இந்தப் பிணைப்பு இல்லை.

முதலில் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜன் ஏற்றிருக்கிறது என்று சொல்லும் ஹில் சமன்பாடு: செறிவூட்டல் = அ^2.7 / (அ^2.7 + 26.8^2.7), 'அ' என்பது ஆக்சிஜன் அழுத்தம். 100 மி.மீ.யில் 97%, 20 மி.மீ.யில் 31% வரும். செல்லில் ஹீமோகுளோபின் (நான்கு சங்கிலி சேர்ந்த மூலக்கூறாக) சுமார் 5 மில்லிமோலார், டிபிஜியும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் டிபிஜியும் பிரியும் மாறிலியைச் சோதனைக்காக 0.2 மில்லிமோலார் என்று வைத்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால், 100 மி.மீ.யில் தனி டிபிஜி 4.9 மில்லிமோலார், 20 மி.மீ.யில் 1.9. இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. மாறிலி பி.எச்., குளோரைடு, வெப்பநிலையைப் பொறுத்து மாறும், ஒரே சூழலில் அளந்த மதிப்புகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிணைப்பு நொடிக்குள் முடிந்துவிடும். அதை வகைக்கெழுவாக எழுதாமல் இயற்கணித விதியாக எழுதுங்கள். விகிதச் சமன்பாடுகளின் தடுப்பு உறுப்பில் மொத்த டிபிஜியைப் போடாமல் ஒட்டியதைக் கழித்த மீதியைப் போடுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஏடிபியும் அதே குழியில் ஒட்டும். இரண்டும் மக்னீசியத்தைப் பிடிப்பவை என்பதால் அவை சிக்கிக்கொள்ளும்போது தனி மக்னீசியம் உயரும். கைனேஸ்களுக்கு வேண்டியது மக்னீசியம் சேர்ந்த ஏடிபி, ஆகவே மூன்றையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டும்.

சந்திப்பு_நியூமரிக்ஸ்:
மேலே சொன்னதோடு நிற்க வேண்டாம், பேண்ட் 3 என்ற சவ்வுப் புரதத்தையும் சேருங்கள். ஆக்சிஜன் நிறைந்த செல்லில் கிளைக்காலிசிஸ் நொதிகளான பிஎஃப்கே, ஆல்டோலேஸ், ஜிஏபிடிஎச் மூன்றும் பேண்ட் 3-இன் உள்முனையில் ஒட்டி அடங்கியிருக்கும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அதே முனைக்கு வந்து அவற்றை விலக்கிவிடும். ஒரு செல்லில் பேண்ட் 3 சுமார் 12 லட்சம், ஹீமோகுளோபின் 27 கோடி. அதனால் ஹீமோகுளோபின் கணக்கு இதனால் கெடாது. மூன்று நொதிகளின் விமேக்ஸையும் 'விலகிய பங்கு' (பேண்ட் 3-இலிருந்து விடுபட்ட நொதியின் பங்கு) ஒன்றால் பெருக்கினால் போதும்.

அப்போது குளுக்கோஸ், பென்டோஸ் பாஸ்பேட் என்ற கிளைப் பாதையிலிருந்து கிளைக்காலிசிஸ் பக்கம் திரும்பும், அந்தக் கிளைப் பாதை தரும் என்ஏடிபிஎச் (ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்க உதவும் மூலக்கூறு) உற்பத்தி குறையும். அந்தப் பாதையின் முதல் நொதியான ஜி6பிடியின் குறைபாட்டைப் பின்னால் மாடலில் வைக்க நினைத்தால் இதை விட்டுவிடவே கூடாது.

மாஞ்சோலை உங்களுக்கு உதவாது. 80 மி.மீ.யில் செறிவூட்டல் 95%தான் வரும், 100-லிருந்து பெரிய மாற்றமில்லை. 40, 20 என்று நேரடியாக இறக்குங்கள். உயர மலையைக் காட்டவேண்டுமென்றால் பிளாஸ்மா பி.எச்.சையும் சற்று ஏற்றுங்கள். மூச்சு வேகமாகி கார்பன் டையாக்சைடு வெளியேறும்போது வரும் காரத்தன்மை டிபிஜியை நன்றாகவே தூக்கும்.

பாளை_உயிர்வேதி:
பிணைப்பைச் சேர்த்தேன் அண்ணாச்சி. டிபிஜி கொஞ்சம் ஏறி நின்றுவிடுகிறது, ஏடிபி சரிகிறது.

தாமிரபரணிக்கரை:
பாஸ்பேட்டைப் பாருங்கள். ஒரு டிபிஜியில் இரண்டு பாஸ்பேட் உண்டு. இரண்டுமே கடைசியில் கனிம பாஸ்பேட் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். டிபிஜி 2 மில்லிமோலார் ஏறினால் 4 மில்லிமோலார் பாஸ்பேட் தேவை, செல்லுக்குள் இருப்பது ஏறக்குறைய 1. வெளியே 1 மில்லிமோலாரை நிலையாக வைத்து, சவ்வு வழிப் பரிமாற்றம் இயங்குகிறதா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் ஏடிபிதான் பறிபோகும். தொடக்கத்தில் ஏடிபி லேசாகச் சரிவது இயல்பு, ஏனென்றால் டிபிஜி வழியே போகும் குளுக்கோஸுக்கு நிகர ஏடிபி இல்லை.

புதிய பிணைப்பைச் சேர்த்ததும் அடிநிலையே நகர்ந்திருக்கும். 100 மி.மீ.யில் மறுபடி நிலைபெற விட்டு, அதன்பிறகே இறக்குங்கள். கால அலகு மணியா நொடியா என்று பார்த்து 24 முதல் 48 மணி நேரம் வரை ஓட்டுங்கள். டிபிஜி மணிக்கணக்கில்தான் நகரும், 2 மணி போதாது. ஆக்சிஜனை ஒரே வெட்டாக இறக்காமல் ஒரு நிமிடச் சரிவாக இறக்கினால், சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல் திக்காது.

முடிவில் ஜி6பி (குளுக்கோஸ் 6-பாஸ்பேட்), எஃப்6பி (பிரக்டோஸ் 6-பாஸ்பேட்) இரண்டும் குறைந்து, பிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் கூடியிருந்தால் பிஎஃப்கே திறந்திருக்கிறது. மாறாக ஜி6பியும் சேர்ந்து ஏறினால் ஹெக்சோகைனேஸ் முந்துகிறது, விலகிய பங்கை மறுபடி சரிபாருங்கள்.