மியாட்டா வாங்கலாமா? கோவை நண்பர்கள் சொல்லுங்க

வணக்கமுங்க. இறக்குமதியான 2017 மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டான்னு சொல்ற, துணிக்கூரையைத் திறந்து மூடுற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்), 2.0 லிட்டர் மேனுவல், செகண்ட் ஹேண்டில் வருது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான். வளைவில் அந்தச் சுகம் பெரிய வண்டியில கிடைக்காது.

கோத்தகிரி ரோட்டில் ஓட்டிப் பார்க்கணும். அந்த வருஷ கியர் பாக்ஸ்தான் இதோட பலவீனம். இன்ஜின் சூடான பிறகும் 2, 3ஆம் கியர் விழும்போது கரகரன்னா வாங்காம விட்டுடறது நல்லது. துணிக்கூரை வடிகால் சீட்டுக்குப் பின்னாடி இருக்கு. இலை அடைச்சா தண்ணி உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். ஒரு டம்ளர் ஊத்தினா பின்சக்கரத்துக்கு முன்னாடி ஒழுகணும்.

வெச்சிருக்கிறவங்க சொல்லுங்க: ரெண்டு பேர் உட்கார்ந்தா நம்மூர் வேகத்தடையில் அடி தட்டுதா? ஸ்டெப்னி இல்லாம பஞ்சருக்கு என்ன பண்றீங்க? கிளட்ச் பிளேட், பிரேக் பேட் கோவையில் யார் வரவழைச்சுத் தர்றாங்க, எத்தனை நாள் ஆகுதுங்க?