மறு: விர்ச்சுவல் மெஷினுக்குத் தமிழ்ச்சொல் – 'உட்கணினி'

நண்பர்களுக்கு வணக்கம்.

விர்ச்சுவல் மெஷின் என்பது, நம் கணினிக்குள் ஒரு மென்பொருளின் துணையோடு ஓடும் இன்னொரு கணினி. வீட்டுக் கணினிக்கு எந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் ஏற்றது என்று ஒரு கையேடு எழுதி வருகிறேன். மென்பொருள்களை ஒப்பிடும் பகுதி இரண்டே நாளில் முடிந்துவிட்டது. முதல் பத்தியில் வரும் அந்த ஒரு சொல்தான் மூன்று வாரமாக என்னை நகர விடவில்லை. அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்று இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தபின் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

> 'மெய்நிகர் இயந்திரம்' பரவிவிட்டது. இனி எதற்கு இன்னொரு சொல்?

நானும் அதைத்தான் எழுதி வந்தேன். ஒரு நண்பருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில், "பழைய மெய்நிகர் இயந்திரத்தை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுங்கள்" என்றிருந்தது. நான் சொல்ல வந்தது மென்பொருளை. அவரோ பட்டியலில் இருந்த, லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஓடும் விர்ச்சுவல் மெஷினின் மேல் வலச்சொடுக்கி 'நீக்கு' கொடுத்திருக்கிறார். பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதா, கோப்புகளையும் சேர்த்து அழிப்பதா என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. 'மெய்நிகர்' தானே, நிஜத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று இரண்டாவதை அழுத்திவிட்டார். உள்ளே அவர் இரண்டு மாதம் எழுதிய நிரல்கள் இருந்தன. நகல் இல்லை.

பிழை என் வாக்கியத்தில்தான். மென்பொருள் வேறு, அதற்குள் ஓடும் கணினி வேறு என்பதை நான் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம்தான் மனத்தில் தங்கிவிட்டது. 'மெய்நிகர்' என்ற அடைமொழி, அந்தப் பொருள் இல்லாத ஒன்று என்ற எண்ணத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது. வட்டில் 20 ஜிபி இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் கோப்பு இல்லாத ஒன்றா?

இழையில் வந்த 'மாயக்கணினி' என்ற முன்மொழிவுக்கும் இதே சிக்கல், இன்னும் கூடுதலாகவே. பள்ளி இயற்பியலில் மெய் பிம்பம், மாய பிம்பம் என்று படித்தோம். மாய பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. இங்கே உள்ளே எழுதியது அடுத்த நாளும் அப்படியே இருக்கிறது.

இப்போது 'நிகர்' என்ற பகுதிக்கு வருகிறேன். எனக்கு முக்கியமான வாதம் இதுதான். 'நிகர்ப்ப' பழைய இலக்கணத்தில் உவம உருபு. ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்று சொல்லும் சொல். விர்ச்சுவல் மெஷின் அப்படி வேறொன்றைப் 'போல' நடிக்கிறதா? 1974-இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற கணினி அறிவியலாளர்கள் இருவரும் வகுத்த இலக்கணத்தில் மூன்று நிபந்தனைகள் உண்டு: நிரல்கள் நிஜக் கணினியில் நடப்பதைப் போலவே நடக்க வேண்டும், வளங்கள் எல்லாம் மேலிருக்கும் கட்டுப்பாட்டு நிரலின் பிடியில் இருக்க வேண்டும், பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரடியாக நிஜச் செயலியிலேயே ஓட வேண்டும். மூன்றாவதைப் பாருங்கள். வேலை செய்வது அதே செயலி, அதே நினைவகம். ஒரு பங்கைப் பிரித்து ஒதுக்கி, தனிக் கணினியாக ஓட விடுகிறோம், அவ்வளவுதான். 1972-இல் ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு வி.எம்/370 கொடுத்தபோதும் இதுதான் நடந்தது. ஒரே எந்திரத்தில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனிக் கணினி.

உண்மையிலேயே இன்னொன்றைப் போலச் செய்வது எமுலேட்டர். ஆர்ம் வகைச் செயலி உள்ள கணினியில், எக்ஸ்86 என்ற வேறு வகைச் செயலிக்கான விண்டோஸைக் கியூஇமு என்ற எமுலேட்டர் வழியாக ஓட்டினால், ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டே ஓடுகிறது. அதனால்தான் அது ஆமை நடை போடுகிறது. 'நிகர்' என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்: நிகர்ப்பி. வீட்டுப் பயனருக்கு இந்த வேறுபாடு வெறும் இலக்கணம் அல்ல. ஆர்ம் வகைச் செயலி உள்ள புதிய மேக் வாங்கியவர் பழைய விண்டோஸ் மென்பொருளை ஓட்ட நினைத்தால், அவருக்கு வேண்டியது நிகர்ப்பியா மற்றதா என்பதைப் பொறுத்தே வேகம் அமையும்.

அந்த 'மற்றது'க்கு என் முன்மொழிவு: உட்கணினி. உள்+கணினி. உட்பிரிவு, உட்பொருள் போல. கணினிக்குள் இருக்கும் கணினி.

> உட்பொதி கணினியோடு குழம்பாதா? துணி துவைக்கும் எந்திரத்துக்குள் இருக்கும் சில்லும் 'உள்ளே இருக்கும் கணினி'தானே?

இழையில் வந்த மறுப்புகளில் வலுவானது இதுதான். எம்பெட்டட் என்பதற்கு 'உட்பொதி' நிலைத்திருப்பதால் எழுத்தில் குழப்பம் குறைவு. பேச்சில் வரலாம். ஆனால் வாக்கியத்தில் வைத்தால் தெளிந்துவிடுகிறது: "உட்கணினிக்கு 4 ஜிபி கொடு", "உட்கணினியை அணைத்துவிட்டு வா", "இந்தக் கோப்பு உட்கணினியில் இருக்கிறது". மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மெய்நிகர் இயந்திரத்துக்கு 4 ஜிபி கொடு' என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. எழுதுகிறோம், பேசும்போது 'வி.எம்' என்றுதான் சொல்கிறோம்.

ஜாவா மொழி நிரல்களை ஓட்டும் ஜாவா விர்ச்சுவல் மெஷினுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அது பொருளாலேயே வேறு. அங்கே மெய்நிகர் இருந்துவிட்டுப் போகட்டும்.

உட்கணினியைத் தாங்கும் நிஜக் கணினிக்கு, அதாவது ஹோஸ்டுக்கு, முதலில் 'புறக்கணினி' என்று எழுதினேன். உள்ளுக்குப் புறம் என்று கணக்கு சரி. உரக்கப் படித்ததும் 'புறக்கணி' காதில் விழுந்தது. அடித்துவிட்டேன். இப்போது வைத்திருப்பது தாங்குகணினி; வளர்பிறை போல வினைத்தொகை, ஒற்று மிகாது. கெஸ்ட் இயங்குதளம் என்பதற்குத் தனிச்சொல் தேவையில்லை, 'உட்கணினியின் இயங்குதளம்' போதும். மென்பொருளை 'உட்கணினி மென்பொருள்' என்றே சொல்லலாம். என் நண்பருக்கு நேர்ந்த குழப்பம் அங்கேயே தீர்கிறது. மேலே சொன்ன கட்டுப்பாட்டு நிரலான ஹைப்பர்வைசருக்கு 'மீமேலாளர்' என்று வந்த பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை, ஆள் ஒருவர் நிற்பது போல இருக்கிறது. நல்லது கிடைக்கும்வரை ஹைப்பர்வைசர் என்றே எழுதுகிறேன்.

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க, கையேட்டின் ஒரு பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

"முதலில் தாங்குகணினியின் நினைவகத்தைப் பாருங்கள். மொத்தமே 8 ஜிபி என்றால், உட்கணினிக்கு 4 கொடுத்தபின் இரண்டுமே திணறலாம். மென்பொருளை மாற்றுவதால் அது தீராது. அடுத்து, செயலியின் உட்கணினி வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் ஹைப்பர்-வி என்ற உட்கணினி மென்பொருள் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதன் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள், நீட்சித் தொகுப்புக்கு மட்டும் உரிமம் வேறு. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 மே முதல் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். தாங்குகணினியில் லினக்ஸ் இருந்தால், 2007 முதல் அதன் கருவான கெர்னலிலேயே கேவிஎம் என்ற உட்கணினி வசதி இருக்கிறது. அதைக் கையாள விர்ட்-மேனேஜர் என்ற மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதன்முறை முயல்பவருக்கு என் பரிந்துரை விர்ச்சுவல்பாக்ஸ். லினக்ஸில் பழகியவருக்குக் கேவிஎம். உட்கணினி மென்பொருளை நீக்கினாலும் உட்கணினியின் கோப்புகள் பொதுவாக வட்டிலேயே இருக்கும். உட்கணினியைக் கோப்புகளோடு நீக்கினால் எல்லாம் போய்விடும்."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பழைய சொல்லில் எழுதிப் பார்த்தேன். நான்கு அடைப்புக்குறிகள் தேவைப்பட்டன.

'உட்பொதி' பற்றிய மறுப்பை எழுப்பிய நண்பர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, குழப்பம் வரும் இடம் எது என்று காட்டினால் உதவியாக இருக்கும். 'செயலியின் உட்கணினி வசதி' என்ற இடம் எனக்கே இன்னும் உறுத்துகிறது.

அன்புடன்.