புதுப்பிப்பு: அப்பாவை பாலியேட்டிவ் கேர் டீம்கிட்ட கூட்டிட்டுப் போனோம்

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர் நாலாவது ஸ்டேஜ், கீமோ ஓடிட்டு இருக்கும்போதே பாலியேட்டிவ் கேர் (நோயால வர்ற வலி, அவதிய கொறைக்கிற சிகிச்சை) டீமைப் பாக்கச் சொல்றாங்க, கைய விரிச்சுட்டாங்களானு. போய்த்தான் பாருங்களேன்னீங்க, போனோம்.

கைய விரிக்கல. கீமோ அது பாட்டுக்கு நடக்குது. அந்த டாக்டரம்மா முக்கா மணி நேரம் உக்காந்து, ராத்திரி எத்தன தடவ முழிக்கிறீங்க, எந்தப் பக்கம் படுத்தா வலிக்குதுனு அப்பாகிட்டயே கேட்டாங்க (அதுவரைக்கும் எல்லாரும் என்னப் பாத்துதான் கேப்பாங்க). மார்ஃபின்னதும் எனக்கு பக்குனு ஆச்சு, பழக்கமாயிடுமோனு. வலிக்கு அளந்து குடுத்துட்டு கூடவே பாத்துட்டும் இருந்தா அந்த பயம் பெருசா வேணாம், மலச்சிக்கல்தான் முக்கியமா படுத்தும்னு அதுக்கும் சேத்தே மருந்து எழுதினாங்க.

2010 ஆய்வு பத்தி ஒருத்தர் சொன்னீங்களே, தேடிப் படிச்சேன். பரவுன நுரையீரல் கேன்சர் உள்ள 151 பேர், ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கேர் சேத்தவங்க மீடியன் ஆயுள் (பாதிப் பேர் இதத் தாண்டி இருந்தாங்கனு அர்த்தம்) 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9. ஒரே ஆஸ்பத்திரில நடந்தது, பின்னாடி வந்த ஆய்வுகள்ல சிலதுல ஆயுசு கூடல, அதனால அத நம்பிப் போகாதீங்க, வலி கொறையும்னு போங்க.

பாலியேட்டிவ் கேர்ங்கிற பேரையே சப்போர்ட்டிவ் கேர்னு மாத்தணும்னு ஒரு சண்டை ஓடுதாம். மாத்தட்டும், அந்தப் பேரக் கேட்டுதான நானே ரெண்டு வாரம் இழுத்தடிச்சேன்.

நேத்து அப்பா அஞ்சு மணி நேரம் ஒரே தூக்கம்.