கழுத்தில் ஷேவிங் பருக்கள், தாடி விடவும் முடியாது

மதுரையில் ஹோட்டல் வரவேற்பில் வேலை. தாடிக்கு அனுமதி இல்லை. தீபாவளி சமயத்திலிருந்து குரல்வளைக்குக் கீழே சிவப்புப் பருக்கள். உற்றுப் பார்த்தால் முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளர்கிறது. கன்னத்தில் ஒன்றுமில்லை. சீழும் இல்லை. எனக்குச் சுருட்டை முடி, கழுத்தில் பக்கவாட்டில் வளரும்.

மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டு ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசருக்கு மாறினேன். குளித்த பிறகு, முடி வளரும் திசையிலேயே ஷேவ். படிகாரம் தேய்த்ததில் எரிச்சல்தான் மிச்சம். 2% சாலிசிலிக் அமிலம் போட்டால் கொஞ்சம் அடங்கும், அப்புறம் ஹெல்மெட் பட்டை உரசியதும் மறுபடி கிளம்பிவிடும். ட்ரிம்மரில் 0.5 மி.மீ. விட்டால் தொல்லையே இல்லை, ஆனால் மேனேஜர் கண்ணுக்கு அதுவும் தாடிதான்!

தினமும் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டே இதை அடக்கியவர்களுக்கு எந்த ரேசர், எந்த முறை கைகொடுத்தது?