நீண்ட கோப்பில் டெக்ஸ்ட் பாக்ஸ்: வைக்கலாமா, கூடாதா?

கேள்வி: வேர்டில் 120 பக்க அறிவியல் பாடநூல். பக்கத்துக்கு ஒன்றிரண்டு 'நினைவில் கொள்க' கட்டங்கள் வர வேண்டும். டெக்ஸ்ட் பாக்ஸ் (எழுத்தை உள்ளே வைத்து நகர்த்தக்கூடிய பெட்டி) போடலாமா?

தட்டச்சுமேடை: வேண்டாம். மிதக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ் ஏதாவது ஒரு பத்தியில்தான் நங்கூரமிட்டிருக்கும், அதாவது அந்தப் பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுத்து அழித்தால் கட்டமும் சத்தமில்லாமல் போய்விடும். முன்னால் நான்கு வரி கூடி, பத்தி அடுத்த பக்கத்துக்கு இறங்கினால் கட்டமும் கூடவே இறங்கும். அதற்குள் அடிக்குறிப்பும் போட முடியாது.

பக்கஒழுங்கு: குறை அமைக்கும் விதத்தில். லேஅவுட் ஆப்ஷன்ஸில் 'மூவ் வித் டெக்ஸ்ட்' வைத்து, 'சீ மோர்' உள்ளே 'லாக் ஆங்கர்' போடுங்கள். கட்டத்தை இழுத்து நகர்த்தினாலும் நங்கூரம் வேறு பத்திக்குத் தாவாது. 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' போட்டால் 4ஆம் பக்கத்திலேயே ஆணியடித்தது போல நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பக்கத்தில் எந்த இடம் என்பதைத்தான் அது பிடித்து வைக்கும். எந்தப் பக்கம் என்பது நங்கூரப் பத்தியின் கையில்.

தட்டச்சுமேடை: இருநூறு கட்டங்களுக்கும் இதைச் செய்வதா! ஒரு பாராகிராஃப் ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த பத்தி வடிவமைப்பு) போதும். பார்டர்ஸ் அண்ட் ஷேடிங்கில் 'பாக்ஸ்', கூடவே, பத்தி இரு பக்கங்களில் பிளக்காமல் இருக்க 'கீப் லைன்ஸ் டுகெதர்'. நிறத்தை ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுதும் மாறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடுத்தடுத்த இரு பத்திகளின் இன்டென்ட் (ஓரத்திலிருந்து உள்தள்ளும் அளவு) ஒன்றாக இருந்தால்தான் ஒரே கட்டமாகச் சேரும், வேறுபட்டால் இரண்டாகப் பிளக்கும்.

பக்கஒழுங்கு: பாடம் சுற்றி ஓட, ஓரத்தில் 4 செ.மீ. அகலக் குறிப்பு வேண்டுமென்றால்? பார்டர் அங்கே உதவாது, டெக்ஸ்ட் பாக்ஸ்தான். ஆனால் தமிழுக்கு அகலம் பார்த்து வையுங்கள். கட்டத்தின் உள் ஓரம் இயல்பாகவே இடமும் வலமும் தலா 0.25 செ.மீ.; எழுத்துக்கு மிஞ்சுவது 3.5. 'ஒளிச்சேர்க்கையின்போது' போன்ற சொல் அதில் அடங்காமல் நடுவில் உடையும். எழுத்தளவை 10 பாயிண்ட் ஆக்கி, உள் ஓரத்தை 0.1 செ.மீ. ஆக்கிப் பாருங்கள், அப்போதும் உடைந்தால் கட்டத்தை அகலமாக்குவதுதான் வழி. 'ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்' டிக் செய்ய மறந்தால் கடைசி வரிகள் கட்டத்துக்குக் கீழே மறைந்து, அச்சிலும் வராது. வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' (மாறாத உயரம்) வேண்டாம், மெய்யெழுத்தின் புள்ளி வெட்டுப்படும். 'அட் லீஸ்ட்' வையுங்கள்.

செவிவழி: பார்வையற்ற மாணவரை இருவருமே மறந்துவிட்டீர்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள், மிதக்கும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடலாம், இடம் மாற்றியும் படிக்கலாம். கட்டம்தான் வேண்டுமென்றால் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' ஆக்குங்கள். அப்போது வரியில் ஒரு எழுத்தைப் போல உட்காரும்.

பக்கஒழுங்கு: அப்படிச் செய்தால் பாடம் சுற்றி ஓடாதே.

செவிவழி: ஓடாது. பாடத்துக்குத் தேவையான செய்தியை ஓரக்கட்டத்தில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தட்டச்சுமேடை: அட்டைக்கும் அலங்கார ஓரக்குறிப்புக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்கட்டும். 'நினைவில் கொள்க' தேர்வுக்கு வரும் பகுதி. அதை ஸ்டைலில்தான் போட வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.