புதுப்பிப்பு: கறுப்புக் காரில் விழுந்த கீறல்

வாக்ஸ் போடும்போதெல்லாம் என் கறுப்புக் காரில் வலைபோல மெல்லிய கீறல் விழுகிறது, எந்த வாக்ஸ் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாக்ஸில் குற்றமில்லை. நீங்கள் சொன்ன, ரெண்டு வாளி வைத்துக் கழுவும் யோசனைதான் பலித்தது. திருவையாறு பக்கம் இப்போது அறுவடை. நெல் தூசியும் சுணையும் வண்டி முழுக்கப் படிகிறது. முதலில் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சினேன். அப்புறம் ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். முடித்துவிட்டு, துணி அலசிய வாளியின் அடியில் கை விட்டால் மணல் நறநறக்கிறது! இத்தனை நாள் அதைத்தான் பெயின்ட் மேல் தேய்த்திருக்கிறேன்.

நிழலில் கார்னாபா பேஸ்ட்டை (ஒருவகைத் தாவர மெழுகு வாக்ஸ்) மெல்லிசாகப் பூசி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். புதுக் கீறல் இல்லை. பழையது போக பாலிஷ்தான் வேண்டும்.

எதிர்பாராதது, போர் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளி விட்டது. கழுவியதும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.